பாடுவது யார்?

உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கலாம். பத்தாவது படிக்கும் பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு கேமை ஆரம்பிக்கிறான். ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. திரையில் பூமி உருண்டை மட்டும் தெரிகிறது. பின்னணியில் ஒரு பாட்டு. ஒருவர் கணீரென்று எடுத்துக் கொடுக்க, பெருங்கூட்டம் அதை வாங்கிப் பாடுகிறது. கிட்டத்தட்ட நம்மூர் பஜனை மாதிரி! பையனும் கூடவே முணுமுணுக்கிறான்.

''என்னடா பாஷை இது?''

''தெரியாதுப்பா.''

''அர்த்தம்?''

''அதுவும் தெரியாது. ஆனா சூப்பரா இருக்குல்ல?''

அந்தப் பாட்டின் பெயர் 'பாபா யேத்து'. 2005-ல் வெளியான 'சிவிலைசேஷன் 4' என்ற வீடியோ கேமின் முகப்புப் பாட்டு. விளையாட்டு என்ன தெரியுமா? கி.மு. 4000-ல் ஒரு சின்னக் கூட்டத்தோடு ஆரம்பிக்க வேண்டும். ஊர் கட்டி, வயல் உழுது, படை திரட்டி, பக்கத்து நாட்டுக்காரனை முந்தி, கடைசியில் உலகத்துக்கே பெரிய ஆளாக வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று உட்கார்ந்தவர்கள், பால்காரர் மணியடிக்கும்போதுதான் எழுந்திருப்பார்கள்!

பாட்டுக்கு இசையமைத்தவர் கிறிஸ்டோபர் டின். அமெரிக்கக்காரர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ரூம்மேட்டாக இருந்த ஸோரன் ஜான்சன்தான் பின்னாளில் இந்த கேமை வடிவமைத்தவர். பழைய சிநேகிதத்தில் பிறந்த பாட்டு அது. 2011 பிப்ரவரியில் அதற்கு கிராமி விருது கிடைத்தது. ஒரு வீடியோ கேமுக்காக எழுதப்பட்ட இசை கிராமி வாங்கியது அதுதான் முதல் தடவை.

பாஷை, கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி. 'பாபா யேத்து' என்றால் 'எங்கள் தந்தை'. வேறொன்றுமில்லை... தேவாலயங்களில் தினமும் சொல்லப்படும் கர்த்தருடைய ஜெபம்தான் அது! இன்றைக்குச் சாப்பாடு கொடு, நாங்கள் மற்றவர்களை மன்னிப்பது போல எங்களையும் மன்னித்துவிடு என்று கேட்கிற பிரார்த்தனை.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. உலகத்தையே வளைத்துப்போடப் புறப்படுகிறவன் காதில், 'எங்களை மன்னித்துவிடு' என்ற பாட்டு எதற்கு? 'சும்மா ட்யூனுக்காகப் போட்டது' என்று தள்ளிவிடலாம். 'நீ செய்யப்போகிற காரியத்துக்கு இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்' என்று கொஞ்சம் குறும்பாகவும் அர்த்தம் பண்ணலாம். பாடுவது ஜெயிக்கப்போகிறவனா, இல்லை அவனிடம் தோற்கப்போகிற ஜனங்களா? அதைப் பொறுத்து அதே வரியின் பொருள் தலைகீழாக மாறிவிடுகிறது!

விளையாட்டோடு ஒட்டிய பாட்டுக்கு அர்த்தம் சொல்வது தனி வித்தை. அகராதி மட்டும் கையில் இருந்தால் போதாது. பாடுவது யார், எந்தக் கட்சியில் நின்று பாடுகிறார், எதிர்ப்பக்கம் யார்... இதெல்லாம் தெரிந்தால்தான் கதவு திறக்கும். இந்த வித்தையில் நாம் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. ஆயிரம் வருடமாகக் காவிரிக்கரையில் உட்கார்ந்து இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறோம்!

* * *

அதே விளையாட்டின் ஏழாவது அவதாரம் 2025 பிப்ரவரியில் வந்தது. அதில் சோழர்கள் உண்டு. நீங்கள் சோழ நாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடல் வாணிபம் செய்யலாம். தஞ்சைப் பெரிய கோயிலை உலக அதிசயமாகக் கட்டலாம். அதற்கு மூன்று வருடம் முன்பே, 2022-ல், 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டில் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆட வைத்துவிட்டார்கள்.

'ஆகா, சோழன் விளையாட்டுக்குள் வந்துவிட்டான்!' என்று நம்ம பையன்களுக்கு ஏக சந்தோஷம். நியாயம்தான். ஆனால் அந்தப் பெருமை எந்த அமெரிக்கக் கம்பெனிக்கும் போகாது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்னாலேயே சோழனை விளையாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டவர் ஒருவர் இருக்கிறார். இளங்கோவடிகள்!

சிலப்பதிகாரத்தில், வஞ்சிக் காண்டத்தில், 'வாழ்த்துக் காதை' என்று ஒரு பகுதி. அதில் பெண்கள் அம்மானை ஆடுகிறார்கள். அம்மானை என்பது காய்களை மேலே தூக்கிப்போட்டுப் பிடிக்கிற ஆட்டம். ஒன்று கைக்கு வரும்போது இன்னொன்று மேலே போய்க்கொண்டிருக்க வேண்டும். ஆட்டத்தோடு பாட்டு. பாட்டு முழுக்கக் கேள்வி-பதில். டி.வி. க்விஸ் மாதிரி!

தேவலோகக் கோட்டைக்குக் காவல் இருந்த ராஜா யார்? சோழன். ஒரு புறாவுக்காகத் தன் சதையையே அறுத்துக் கொடுத்தவன் யார்? சோழன். பசுவுக்கு நியாயம் வழங்கியவன் யார்? அதுவும் சோழன்தான். (இந்தக் கடைசிக் கதையைத்தான் பெரியபுராணம் திருவாரூரில் வைத்துச் சொல்கிறது. மனுநீதிச் சோழனின் கல் தேரைத் திருவாரூர்க் கோயில் வாசலில் இன்றைக்கும் பார்க்கலாம்.) அம்மானை சோழனுக்கு; அடுத்து வரும் பந்துப் பாட்டு பாண்டியனுக்கு; ஊஞ்சல் பாட்டு சேரனுக்கு; நெல் குத்துகிற வள்ளைப் பாட்டு மூன்று பேருக்குமாகச் சேர்த்து.

வரிகளை மட்டும் படித்தால் என்ன தோன்றும்? 'அடேயப்பா, மூன்று ராஜாவுக்கும் சமமாக ஐஸ் வைத்திருக்கிறாரே!' என்றுதான் தோன்றும். இப்போது நம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பாடுவது யார்?

பாடுவது சோழ நாட்டுப் பெண்கள் இல்லை. சேரன் தலைநகரான வஞ்சியின் பெண்கள். இடம், கண்ணகிக்காகச் செங்குட்டுவன் எடுத்த கோயில். புகாரிலிருந்து கண்ணகியின் தோழியும் செவிலித் தாயும் அங்கே வந்து நின்று அழுதிருக்கிறார்கள். அப்போது கண்ணகி வானத்தில் தோன்றி, பாண்டியன் குற்றவாளி இல்லை என்றும், தான் அவனுக்கு மகள் என்றும் சொல்லிவிடுகிறாள். அதற்கு அப்புறம்தான் அம்மானையும் பந்தும் ஊஞ்சலும்!

அதாவது, எந்தப் பாண்டியன் கோவலனை அநியாயமாக வெட்டச் சொன்னானோ, அவன் குலத்தை வாழ்த்தித்தான் பெண்கள் பந்து அடிக்கிறார்கள். ஏனென்றால், பாதிக்கப்பட்டவளே மன்னித்துவிட்டாள். மதுரையை எரித்த அதே கண்ணகி! காட்சியைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் இது முகஸ்துதி. தெரிந்துகொண்டு படித்தால் மன்னிப்பு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள்!

இந்தப் பாட்டுகள் நம் கைக்கு வந்ததே ஒரு டெல்டா கதை. பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்த காலத்தில்தான் ஏடுகளைத் தேடியலைந்து ஒப்பிட்டு, 1892-ல் சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சிட்டார். சாயங்காலம் காவிரிக்கரையில் பெண்கள் கும்மியடித்துக்கொண்டிருந்த ஊரில் உட்கார்ந்து, அந்தக் காலத்து அம்மானைப் பாட்டுக்கு அவர் பாடபேதம் பார்த்திருக்கிறார்!

* * *

'பாடுவது யார்?' என்று கேட்காமல் விட்டால் வருகிற விபரீதத்துக்கு நல்ல உதாரணம், சாழல்.

கொள்ளிடத்துக்கு வடக்கே, சிதம்பரம். மாணிக்கவாசகர் அங்கே பாடிய பாட்டுகளின் பெயர்களை வரிசையாகப் பாருங்கள். திருப்பொற்சுண்ணம், திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல்... கிட்டத்தட்ட ஒரு விளையாட்டு மைதானத்தின் அட்டவணை! வாசனைப் பொடி இடிப்பது, பூப்பறிப்பது, ஊஞ்சலாடுவது என்று பெண்களின் விளையாட்டையும் வேலையையும் எடுத்துக்கொண்டு, அந்த மெட்டில் சிவனை வைத்துப் பாடிவிட்டார் மனிதர். ஜனங்கள் ஏற்கெனவே முணுமுணுக்கும் மெட்டில் சரக்கை ஏற்றினால் சுலபமாக ஊர் சுற்றிவரும் என்ற ரகசியம் அவருக்குத் தெரிந்திருக்கிறது!

சாழல் என்பது இரண்டு கட்சி ஆட்டம். ஒரு கட்சிப் பெண்கள் நக்கலாக ஒரு கேள்வி கேட்பார்கள். எதிர்க்கட்சி அதற்குச் சட்டென்று பதில் சொல்ல வேண்டும். 'உங்க சாமி சுடுகாட்டுச் சாம்பலைப் பூசிக்கிறாராமே, பாம்பைப் பிடிச்சு மாலையாப் போட்டுக்கிறாராமே, இவரும் ஒரு சாமியா?' என்பது போல இந்தப் பக்கம் சீண்டும். 'அடியே, அவர் அப்படி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது' என்று அந்தப் பக்கம் மடக்கும். இருபது பாட்டும் இப்படித்தான்.

இது இரண்டு பேர் ஆடும் ஆட்டம் என்று தெரியாத ஒருவர் ஒவ்வொரு பாட்டிலும் முதல் பாதியை மட்டும் படித்தால்..? 'மாணிக்கவாசகர் சிவனைத் திட்டியிருக்கிறார்' என்று சத்தியம் செய்வார்! வைணவத்திலும் இதே கதைதான். சீர்காழிப் பக்கத்துத் திருமங்கையாழ்வாரும் சாழல் பாடியிருக்கிறார். 'உலகத்துக்கே நாயகன் என்கிறாயே, காட்டில் கல்லிலும் முள்ளிலும் அலைந்தவன்தானே?' என்று ஒருத்தி கேட்க, தோழி பதிலுக்கு அவன் பெருமையை எடுத்துவிடுகிறாள். கேலி செய்வதும் ஆழ்வார்தான், பதில் சொல்வதும் ஆழ்வார்தான். ஆனால் ஒரே குரல் இல்லை.

திருச்சாழலுக்குத் திருவாதவூரர் புராணம் ஒரு பின்னணி சொல்கிறது. ஈழத்திலிருந்து ராஜாவும் பௌத்த குருமார்களும் வாதம் செய்யத் தில்லைக்கு வருகிறார்கள். ராஜாவோடு அவன் மகளும் வருகிறாள். பிறவி ஊமை. வாதத்தின் முடிவில் ராஜா, 'என் பெண்ணைப் பேச வையுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன்' என்கிறான். மாணிக்கவாசகர் பௌத்தர்கள் கேட்ட கேள்விகளையே அந்தப் பெண்ணிடம் கேட்கிறார். அவள் ஒவ்வொன்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொல்லிவிடுகிறாள்! அந்தக் கேள்வி-பதில்தான் திருச்சாழல் ஆயிற்றாம்.

கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்குப் பிடித்தது வேறு விஷயம். வாயே திறக்காத ஒரு பெண் முதன்முதலில் பேசியதாகப் புராணம் சொல்கிற வார்த்தைகள், தெருவில் பெண்கள் விளையாடுகிற ஒரு விளையாட்டுப் பாட்டின் உருவத்தில் இருக்கின்றன!

* * *

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். ஜெயித்தவன் பாட்டு ஊரெல்லாம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரைச் சுற்றி வாருங்கள். ராஜராஜன் எந்தெந்த நாட்டைப் பிடித்தான் என்று மெய்க்கீர்த்தி கல்லிலேயே பாடிக்கொண்டிருக்கும். சரி, தோற்றவனுக்குப் பாட்டு உண்டா?

கம்ப்யூட்டர் விளையாட்டில் தோற்றால் திரையில் ஒரு அறிவிப்பு வரும். அவ்வளவுதான். அப்புறம் மறுபடி ஆரம்பத்திலிருந்து ஆட வேண்டியதுதான். ஆனால் திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் இரண்டு பதிகங்கள் தோற்றவர்களின் வாய்ப்பாட்டாகவே இருக்கின்றன. ராவணன் செத்துப்போன பிறகு, இலங்கையில் மிச்சமிருக்கும் அரக்கர்கள் 'எங்களைக் கொல்லாதீர்கள்' என்று கெஞ்சிக்கொண்டே ஆடிப் பாடுகிறார்கள். ஒரு பதிகத்தின் ஆட்டத்துக்குப் பெயர் 'பொங்கத்தம் பொங்கோ'. இன்னொன்றுக்குக் 'குழமணிதூரம்'.

என்ன வார்த்தை இது? எந்தப் பக்கம் பிரித்தாலும் சட்டென்று பொருள் வராது. பக்திப் பாடல்களுக்கு நடுவில் இது என்ன பறையடிக்கிற சத்தம் மாதிரி? இதற்கு விடை சொன்னவரும் டெல்டாக்காரர்தான். கும்பகோணம் பக்கம், திருவெள்ளியங்குடியை அடுத்த சேங்கனூரில் பிறந்த பெரியவாச்சான் பிள்ளை. 13-ம் நூற்றாண்டு. நாலாயிரம் பாசுரத்துக்கும் உரை எழுதியவர். போரில் தோற்றவர்கள், ஜெயித்தவர் முன்னால் தங்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு ஆடும் கூத்து இது என்று அந்த உரை மரபு விளக்குகிறது. எழுத்துக் கூட்டினால் கிடைக்காத அர்த்தம், 'பாடுவது யார்?' என்று கேட்டதும் கிடைத்துவிட்டது!

இதைப் பாடிய ஆழ்வார் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் கனமாகிறது. திருமங்கை மன்னன் சாதாரணக் கவிஞர் இல்லை. படைத் தலைவர், வாள் பிடித்தவர் என்று மரபு சொல்கிறது. போர்க்களத்தில் ஜெயித்த பக்கம் நின்று பார்த்த மனிதர், பாட வரும்போது 'நாங்கள் தோற்றுவிட்டோம்' என்று எதிராளியின் தொண்டையிலிருந்து பாடுகிறார். அரக்கர்களை மட்டம் தட்டத்தானே அது, என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். ஆனாலும் அந்த இரண்டு பதிகத்திலும் 'நாங்கள்' என்ற வார்த்தைக்குச் சொந்தக்காரர்கள் தோற்றவர்கள்தான்.

நம் முன்னோருக்கு இதில் ஒரு தனி நாகரிகமே இருந்திருக்கிறது. திருவாரூர்ப் பக்கம் தீபங்குடியைச் சேர்ந்த ஜெயங்கொண்டார், முதலாம் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாடினார். நூலுக்கு என்ன பெயர்? சோழப் பரணி இல்லை. கலிங்கத்துப் பரணி! பரணி நூலுக்குத் தோற்றவன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பது இலக்கண மரபு.

* * *

கடைசியாக, ஒரு விளையாட்டுப் பாட்டுக்கு அர்த்தம் சொல்வதற்கென்றே தனியாக ஒரு புத்தகம் எழுதப்பட்ட கதை.

உந்தி பறத்தல் என்று ஒரு பெண்கள் விளையாட்டு. பெரியாழ்வார் பாடியிருக்கிறார், மாணிக்கவாசகர் பாடியிருக்கிறார். மாணிக்கவாசகரின் இருபது பாட்டில் திரிபுரம் எரிகிறது, தட்சன் யாகம் சிதறுகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு வெற்றி! 12-ம் நூற்றாண்டின் நடுவில், 1147-ஐ ஒட்டி, இரண்டாம் ராஜராஜன் காலத்தில், கும்பகோணம் பக்கத்துத் திருவியலூர் உய்யவந்ததேவ நாயனார் அதே மெட்டை எடுத்துக்கொண்டு 45 பாட்டுப் பாடினார். அதற்கும் பெயர் திருவுந்தியார்தான். உள்ளே இருப்பதோ புராணச் சண்டை இல்லை. குரு, உயிர், இறைவன், 'நான்' என்பது அடங்கும் வழி... சைவ சித்தாந்த சாஸ்திரங்கள் பதினாலு என்று எண்ணுகிறோமே, அதில் முதல் நூலே இந்த விளையாட்டுப் பாட்டுதான்!

பாட்டு சின்னது, பொருள் பெரியது. சுமார் 30 வருடம் கழித்து, அதே சீடர் பரம்பரையில் வந்த திருக்கடவூர் உய்யவந்ததேவ நாயனார், அந்த 45 பாட்டுக்கு விளக்கமாக 100 பாட்டு எழுதினார். கண்ணப்பர், சிறுத்தொண்டர் போன்ற அடியார்களின் கதைகளை உதாரணம் காட்டி, 'இந்த வரிக்கு இதுதான் அர்த்தம்' என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறார்.

ஊரில் உள்ள பண்டிதர்கள் இதை லேசில் ஒப்புக்கொள்ளவில்லையாம். நூலைச் சிதம்பரத்தில், நடராஜர் சந்நிதிப் படியில் உள்ள கல் யானை பக்கத்தில் வைத்தார்களாம். கல் யானை தும்பிக்கையை நீட்டி ஏட்டை எடுத்து நடராஜர் காலடியில் வைத்ததாம்! களிறு இருந்த படியிலிருந்து ஏறியதால் நூலுக்குத் 'திருக்களிற்றுப்படியார்' என்று பெயர். ஒரு விளையாட்டுப் பாட்டுக்கு உரை சரியா தப்பா என்பதற்கு ஒரு யானையே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அந்தக் காலத்தில் அர்த்தத்தை எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!

அந்த மெட்டு அதோடு நிற்கவில்லை. 1927-ல் திருவண்ணாமலையில், முருகனார் கேட்டுக்கொண்டதற்காக, ரமண மகரிஷி 30 பாட்டில் 'உபதேச உந்தியார்' எழுதினார். பெரியாழ்வார் காலத்திலிருந்து 20-ம் நூற்றாண்டு வரை ஒரு விளையாட்டு மெட்டு உயிரோடு வந்திருக்கிறது!

மெட்டு வந்துவிட்டது. விளையாட்டு..?

அங்கேதான் இடிக்கிறது. உந்தி பறத்தல் என்றால் எப்படி ஆடுவது? கைகளை விரித்துப் பறவை மாதிரித் தாவிக் குதிப்பது என்கிறார்கள் சிலர். ஒரு பொருளை மேலே உந்தித் தட்டுகிற, நம் இறகுப்பந்து மாதிரியான ஆட்டம் என்கிறார்கள் வேறு சிலர். பாட்டுக்குப் பாட்டு உரை இருக்கிறது. ஞானத்துக்கு விளக்கம் இருக்கிறது. 'ஏ பொண்ணுங்களா, இப்படி நில்லுங்க, இந்தக் காலைத் தூக்குங்க' என்று ஆட்டத்தின் விதியை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதுவானேன்? தெருவில்தான் தினமும் ஆடிக்கொண்டிருந்தார்களே! எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எவன் ஏட்டில் எழுதுவான்? அதனாலேயே அது தொலைந்துபோனது.

* * *

ஆட்டமும் போய், அர்த்தமும் போய், சத்தம் மட்டும் மிஞ்சினால் எப்படி இருக்கும்? பாங்காக் போய்ப் பார்க்க வேண்டும்.

நகரத்தின் நடுவே, முதன்முதலில் 1784-ல் எழுப்பி, பின்னாளில் புதிதாகக் கட்டிய ஒரு பிரமாண்டமான ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. சிவப்புத் தூண்கள் வானத்தைத் தொடும். மார்கழித் திருவாதிரையை ஒட்டிய ஒரு விழா. ஆட்கள் அந்த ஊஞ்சலில் உயர உயர ஆடி, எதிரே மூங்கில் கம்பத்தில் கட்டிய பணமுடிச்சைப் பல்லால் கவ்வ வேண்டும். விழாவின் பெயர் 'த்ரியம்பவாய்'. ஆமாம், நம்ம திருவெம்பாவைதான்! பக்கத்துக் கோயில் பிராமணர்கள் மாணிக்கவாசகர் பாட்டைத் தலைமுறை தலைமுறையாக ஓதி வந்திருக்கிறார்கள், அது தமிழ் என்றோ, அதற்கு என்ன அர்த்தம் என்றோ தெரியாமலே. ஊஞ்சலில் விழுந்து உயிர்கள் போனதால் 1935-ல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சட்டம் நிற்கிறது. ஊஞ்சல் இல்லை. ஓதல் இருக்கிறது. பொருள் இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்மூர் சடுகுடுவையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் தை, மாசியில் டெல்டா கிராமங்களில் சடுகுடு களைகட்டும். எதிர்க்கட்சிக் கோட்டுக்குள் போவதற்குப் பெயரே 'பாடிப் போவது'. ஒவ்வொருவனுக்கும் ஒரு பாட்டு. வீரம் பேசுவான், எதிரியை வம்புக்கு இழுப்பான், ஊர்ப் பெருமை அளப்பான். அந்தப் பாட்டுக்கு அர்த்தம் வார்த்தையில் பாதி, மூச்சில் பாதி. பாட்டு அறுந்தால் ஆள் அவுட்! இன்றைக்கு அது கபடியாகி, டி.வி.யில் வந்து, கோடிகள் புரளும் ஆட்டமாகிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் 30 விநாடிக் கடிகாரம் வந்துவிட்டது. பாட்டு ஒற்றை வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. உந்தியில் ஆட்டம் போய்ப் பாட்டு நின்றது. சடுகுடுவில் பாட்டு போய் ஆட்டம் நிற்கிறது!

மறுபடியும் அந்தப் பத்தாவது படிக்கும் பையனிடம் வருவோம். அவன் நிலைமை ஒன்றும் மோசமில்லை. அவனிடம் ஆட்டம் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. அர்த்தம்தான் இல்லை. அதைத் தேடிக்கொள்ள அவனுக்கு ஒரு நிமிஷம் போதும். அடுத்த தடவை அவன் முணுமுணுத்தால், 'என்னடா அர்த்தம்?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'பாடுறது யாருடா? ஜெயிச்சவனா, தோத்தவனா?' என்று கேட்டுப் பாருங்கள். கண்ணகி கோயிலில் பந்தடித்த பெண்கள் யாரை மன்னித்துப் பாடினார்கள் என்ற கதையையும் அப்படியே காதில் போட்டு வையுங்கள்.

அப்புறம் இன்னொரு வேலை. ஊரில் பாட்டி இருக்கிறாரா? கும்மி, கோலாட்டம், அம்மானை, ஏதாவது ஒரு பாட்டு நிச்சயம் தெரிந்திருக்கும். நாமெல்லாம் என்ன செய்கிறோம்? செல்போனை நீட்டிப் பாட்டை மட்டும் பதிவு செய்துகொண்டு வந்துவிடுகிறோம். 12-ம் நூற்றாண்டில் செய்த அதே தப்பு! பாட்டு முடிந்ததும் போனை அணைக்காதீர்கள்.

''பாட்டி, இதை எப்படி ஆடுவீங்க? எத்தனை பேர் நிக்கணும்? யார் முதல்ல பாடுவாங்க? தோத்துட்டா என்ன பாடணும்?''

கேளுங்கள். முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்று காட்டினாலும் காட்டுவார்!